நான் விட்ட அறிக்கைகள்

வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாத மனுஷன் என்று என் மனைவி என்னைப் பற்றிச் சொல்வாள். பாராட்டாகச் சொல்வதில்லை. ஆனால் எங்கள் ஊர் வணிகர் சங்கத்துக்குப் பதினொரு வருஷமாக நான் தலைவராக இருப்பது அந்த வாயால்தான். அருமனைக்குப் பக்கத்தில், ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே, பஸ் வந்து திரும்பும் ஒரு சந்திப்பு. அங்கே என்னுடையது ஹார்டுவேர் கடை. சிமெண்ட், கம்பி, பெயிண்ட், பைப்பு. பின்னால் கிடக்கும் காலி இடத்தில் ஜல்லியும் எம்-சாண்டும். கடை நடுத்தரம்தான். நான் விடுகிற அறிக்கைகள்தான் பெரிசு.

முதல் அறிக்கை ஜி.எஸ்.டி. பற்றியது. ஏதோ வயிற்றெரிச்சலில் சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதி, நாகர்கோவிலில் இருக்கும் ஒரு நிருபருக்கு அனுப்பினேன். மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நாலு வரி வந்தது. அந்த நாலு வரியை நான் எத்தனை தடவை படித்தேன் என்று வெளியே சொன்னால் வெட்கக்கேடு. அதோடு பிடித்துக்கொண்டது. ரயில் விடவில்லையென்றால் அறிக்கை. பெட்ரோல் விலை ஏறினால் அறிக்கை. கடியப்பட்டணத்துக் கடலில் வள்ளம் கவிழ்ந்தால், கடலையே வருஷத்துக்கு ஒருமுறை பார்க்கிற நான் மலையடிவாரத்தில் இருந்துகொண்டு அறிக்கை விடுவேன். வடக்கே எங்கோ ஒரு பெண்ணுக்குக் கொடுமை நடந்தால் கண்டனம். ஏதோ ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் குண்டு போட்டால் அதற்கும் கண்டனம். "வணிகர்களும் சமுதாயத்தின் அங்கம். நாங்கள் வாய் மூடி இருக்க மாட்டோம்" என்று எல்லா அறிக்கையையும் ஒரே மாதிரி முடிப்பேன்.

தூரம் கூடக் கூட எனக்குத் துணிச்சலும் கூடியிருக்கிறது என்பது இப்போது யோசித்தால் தெரிகிறது. என் கண்டனத்தைப் படித்துவிட்டு எந்த நாட்டு ராணுவ அமைச்சரும் என் கடைக்கு ஜல்லி அனுப்ப மாட்டேன் என்று சொல்லப்போவதில்லை.

அந்த அறிக்கைகளையெல்லாம் கம்ப்யூட்டரில் அடித்தது என் கடையில் பில் போடும் பெண். ஒன்பது வருஷமாக இருக்கிறாள். புருஷன் மஸ்கட்டில் ஏசி மெக்கானிக். இரண்டும் பெண் பிள்ளைகள். நான் சொல்லச் சொல்ல அடிப்பாள். நான் கோபத்தில் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னால் ஒரு தடவையாகக் குறைப்பாள். பேப்பரில் வந்ததும் கத்தரித்து ஒரு நீள நோட்டில் ஒட்டி, அடியில் தேதி எழுதுவாள். நான் சொல்லிச் செய்தது இல்லை அது, அவளாக ஆரம்பித்தது. யாராவது பெரிய ஆள் கடைக்கு வந்தால் அந்த நோட்டைத் தற்செயலாக வைப்பதுபோல மேசை மேல் வைப்பாள். அவளுக்கு என்னைப் பற்றிப் பெருமை இருந்தது. வீட்டில் கிடைக்காத பெருமை என்பதால் அது எனக்கு நன்றாகவே ருசித்தது.

எங்கள் ரோட்டில் கல் லாரிகள் ஓடும். மலையை உடைத்துப் பாறையாகவும் ஜல்லியாகவும் பொடியாகவும் எல்லை தாண்டி மேற்கே கொண்டு போகிறார்கள். காலை ஏழு மணிக்கே வரிசை தொடங்கிவிடும். இரண்டு பஸ் எதிரெதிரே வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டிய ரோடு அது. அதில் பன்னிரண்டு சக்கர லாரிகள், மேலே தார்ப்பாய் கூட இல்லாமல். ஒவ்வொன்றும் போகும்போது கடை அலமாரியில் பெயிண்ட் டப்பாக்கள் நடுங்கும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள் சத்தம் கேட்டதும் சைக்கிளை மண்ணில் இறக்கி நிறுத்திக்கொண்டு, லாரி போன பிறகு ஏறிப் போவார்கள்.

இதைப் பற்றி மட்டும் நான் ஒரு அறிக்கையும் விட்டதில்லை. அந்தக் குவாரியும் கிரஷரும் வைத்திருப்பவரிடமிருந்துதான் எனக்கு ஜல்லி வருகிறது. அவர்தான் எங்கள் சங்கத்தின் கௌரவ ஆலோசகர். சங்கக் கட்டடத்தின் மாடி அவர் கட்டிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் எனக்கு இரண்டு வரிசை முன்னால் உட்காருவார். நல்ல மனுஷர். கிண்டலுக்குச் சொல்லவில்லை. என் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வேலை வெட்டியை விட்டுவிட்டு மூன்று நாள் கூடவே இருந்தவர்.

பில் போடும் பெண்ணின் மூத்த மகள் எட்டாம் வகுப்பு படித்தாள். ஒரு வியாழக்கிழமை காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகிற வழியில், சந்திப்பு வளைவில் லாரியின் பின்சக்கரத்துக்குள் போய்விட்டாள். அதை விவரமாக எழுத என்னால் முடியாது. தாய் அப்போது கடையில்தான் இருந்தாள். சத்தம் கேட்டு எல்லோரும் வெளியே போய்ப் பார்த்தபோது அவளும் வந்து பார்த்தாள். யாருடைய பிள்ளை என்று தெரியாமல்தான் பார்த்தாள்.

எங்கள் சந்திப்பில் ஒரு வழக்கம் உண்டு. சாவு என்றால், பிரேதம் சந்திப்பைக் கடந்து போகும்வரை எல்லாக் கடையும் ஷட்டரைப் பாதி இறக்கி வைக்க வேண்டும். முழுக்க இறக்கினால் அது கடையடைப்பு. எதற்கு, யாரைக் கேட்டு என்று போலீஸ் வரும். முழுக்கத் திறந்து வைத்தால் மரியாதைக் குறைவு. பாதி என்பது யாருக்கும் தொந்தரவில்லாத துக்கம். அவசரம் என்றால் குனிந்து உள்ளே வந்து ஆணி வாங்கிக்கொண்டும் போகலாம். இதைச் சங்கத் தீர்மானமாகவே கொண்டு வந்தவன் நான்தான்.

இன்னொரு வழக்கம், கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். நடுவில் இறந்தவர் படம், கீழே வரிசையாகச் சங்க நிர்வாகிகள் கைகூப்பியபடி. மார்த்தாண்டத்தில் ஃப்ளெக்ஸ் அடிக்கிற கடையில் எங்கள் சங்கத்துக்கென்று ஒரு ஃபைல் தயாராகவே கிடக்கும். போன் செய்து, பழைய ஃபைல்தான், நடுப்படத்தை மட்டும் மாற்று என்றால் போதும். இரண்டு மணி நேரத்தில் பஸ்ஸில் கொடுத்து விடுவார்கள். அன்றைக்கும் அப்படியே சொன்னேன். அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூட அடையாள அட்டைப் படத்தை அனுப்பி வைத்தேன்.

சாயங்காலத்துக்குள் சந்திப்பில் கட்டியாகிவிட்டது. பதினைந்து நாளுக்கு மேல் அது அங்கேயே இருந்தது. அதற்கு அடியில் நின்று நான் போன் பேசியிருக்கிறேன், டீ குடித்திருக்கிறேன். கீழ்வரிசையின் நடுவில், மற்றவர்களைவிடக் கொஞ்சம் பெரிய வட்டத்துக்குள், கௌரவ ஆலோசகர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருந்தார். பிள்ளையை அடித்த லாரி அவருடையது. என் கண்ணில் அது படவே இல்லை. பார்த்தவர்கள் யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை.

மூன்றாவது வாரம் அவள் வேலைக்கு வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கியவள் ஃப்ளெக்ஸுக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றதை நான் கல்லாவில் இருந்து பார்த்தேன். மகளின் படத்தைப் பார்க்கிறாள் என்று நினைத்துத் தலையைத் திருப்பிக்கொண்டேன். உள்ளே வந்து, பையை வைத்து, கம்ப்யூட்டரை ஆன் பண்ணிவிட்டுக் கேட்டாள்.

"மொதலாளி, அதுல அவரு எதுக்கு?"

எதில் என்று கேட்டேன்.

"எனக்க பிள்ளைக்க பக்கத்துல."

வெளியே போய்ப் பார்த்தேன். அப்போதுதான் அந்த வட்டம் கண்ணில் பட்டது. கடையில் மூட்டைச் சுமடு எடுக்கிற ஆளைக் கூப்பிட்டு ஃப்ளெக்ஸை எடுத்துவிடச் சொன்னேன். அவன் உயரத்தில் கட்டிய கயிற்றை அவிழ்க்கச் சோம்பல்பட்டு, கைக்கு எட்டிய அந்த வட்டத்தை மட்டும் பிளேடால் கீறி எடுத்துவிட்டு வந்துவிட்டான். ஃப்ளெக்ஸில் ஒரு ஓட்டை. ஓட்டை வழியாகப் பின்னால் ரப்பர் மரங்கள் தெரிந்தன.

மத்தியானமே கௌரவ ஆலோசகரிடமிருந்து போன் வந்தது. கோபப்படவில்லை. மனசு நொந்துபோய்ப் பேசினார். நாலு பேர் பார்க்கிற இடத்தில் என் முகத்தை வெட்டி எடுத்திருக்கிறீர்கள், நான் என்ன வேணுமென்றா செய்தேன் என்று கேட்டார். காற்றில் கிழிந்துவிட்டது என்றேன். காற்று ஒரு முகத்தை மட்டும் வட்டமாகக் கிழிக்குமா என்று அவர் கேட்கவில்லை. நான் மூன்று தடவை மன்னிப்புக் கேட்டேன். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. ஆறடி தூரத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவளிடம் ஒரு தடவை கூட நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை.

ஒரு வாரம் கழித்து அவள் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள். விபத்து வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும், அதைப் பற்றிப் பேச வரவில்லை என்றாள். இளையவள் அப்போது ஐந்தாம் வகுப்பு, வீட்டுப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில். ஜூன் மாதம் முதல் அவளும் அக்கா போன அதே பள்ளிக்கூடத்துக்கு, அதே ரோடு வழியாகத்தான் போக வேண்டும். வேறு வழி கிடையாது. காலையில் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் லாரிகள் ஓடக் கூடாது என்று நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அவள் கேட்டது அவ்வளவுதான்.

"நீங்க பறைஞ்சா பேப்பர்ல வரும் மொதலாளி. உலகத்துல உள்ளதுக்கெல்லாம் பறைஞ்சாச்சு. இது நம்ம ரோடுல்லா."

பேசுகிறேன் என்றேன். ஒப்புக்குச் சொல்லவில்லை. மனசறிந்துதான் சொன்னேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எரிச்சலாக இருக்கிறது.

பக்கத்து ஊரில் ஒரு ஜவுளிக்கடைக்காரர் இருக்கிறார். சில வருஷத்துக்கு முன்னால் கிரஷர் தூசியைப் பற்றி மேடையில் சூடாகப் பேசினவர். பேசி ஒரு மாதத்துக்குள் அவர் கடைப்படி ஆக்கிரமிப்பு என்று ஆனது. பெயர்ப் பலகை அளவுக்கு மேல் பெரிசு என்று ஆனது. லைசென்ஸில் ஏதோ ஒரு தாள் குறைகிறது என்றார்கள். இப்போது அவர் புது வருஷ வாழ்த்து மட்டும்தான் சொல்கிறார். அவரைப் போனில் கூப்பிட்டு யோசனை கேட்டேன். "பேசலாம் மக்கா. பேசிட்டு அப்பறம் கடை நடத்தணும்லா, அதுக்காக்கும் பாடு" என்றார். அவரைக் கோழை என்று என் மனைவியிடம் சொன்னேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

சாலைப் பாதுகாப்புக் கூட்டம் ஒன்று ஏப்ரலில் வந்தது. அதிகாரிகள், லாரி உரிமையாளர்கள், பள்ளிக்கூடத்துக்காரர்கள், வணிகர்கள் எல்லோரும் வருவார்கள். நான் சொல்ல அவள் அடித்தாள். "பள்ளிக்கூட நேரத்தில், காலையும் மாலையும், இந்தச் சாலையில் கல் லாரிகள் ஓடக் கூடாது என்று வணிகர் சங்கம் வற்புறுத்துகிறது." கேட்டுக்கொள்கிறது என்றுதான் நான் முதலில் சொன்னேன். அவள் விரலை நிறுத்திக்கொண்டு என்னைப் பார்த்தாள். வற்புறுத்துகிறது என்று மாற்றினேன். என் கண்ணுக்குச் சிரமம் இருக்கக் கூடாது என்று பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்தாள். அந்த ஒரு வரியை மட்டும் என்னிடம் கேட்காமலே தடித்த எழுத்தில் போட்டிருந்தாள்.

ஸ்கூட்டரில் போகிற வழியெல்லாம் கௌரவ ஆலோசகரோடு மனசுக்குள் சண்டை போட்டுக்கொண்டே போனேன். அவர் இப்படிக் கேட்டால் நான் இப்படிச் சொல்வேன், ஜல்லி தரமாட்டேன் என்றால் வேறு கிரஷரைப் பார்ப்பேன் என்று எல்லாப் பதிலும் தயார். மண்டப வாசலில் அவர் நின்றிருந்தார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

"ஒனக்க கடைப் பிள்ளைக்க காரியத்த நெனச்சு எனக்கு உறக்கமே இல்ல மக்கா. நீ பேசு. பேசணும்."

அதோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய் முன்வரிசையில் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். மிரட்டியிருந்தால் பேசியிருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அதிலும் நம்பிக்கை இல்லை. என் முறை வந்ததும், தொண்டை வறண்டிருக்கும் என்று அவருடைய தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினார். நான் வாங்கிக் குடித்தேன்.

படித்தேன். நன்றாகவே படித்தேன். ரோடு குறுகல் என்றேன், விளக்கு இல்லை என்றேன், வேகத்தடை வேண்டும் என்றேன். தடித்த எழுத்து வந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன். வாய் வேறு ஒன்றைச் சொன்னது. "அனைவரும் சாலை விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். பெற்றோரும் பிள்ளைகளைக் கவனமாக அனுப்ப வேண்டும்." யோசித்துச் சொன்னதில்லை. ஒரு தடங்கல் இல்லாமல், அழகான தமிழில், தானாக வந்தது. பதினொரு வருஷ மேடைப் பழக்கம் வேறு எதற்கு இருக்கிறது? நாங்கள் வாய் மூடி இருக்க மாட்டோம் என்று முடித்தேன். கைதட்டினார்கள். பொறுப்பான பேச்சு என்று ஒரு அதிகாரி என் கையைக் குலுக்கினார்.

மறுநாள் பேப்பரை ஒளித்து வைத்துவிடலாம் என்று அரை மணி நேரம் முன்னாலேயே கடைக்குப் போனேன். அவள் எனக்கு முன்னால் வந்திருந்தாள். 'பெற்றோர் கவனமாக இருக்க வேண்டும்: வணிகர் சங்கத் தலைவர் வேண்டுகோள்.' கத்தரிக்கோலை எடுத்து ஓரம் பிசகாமல் வெட்டினாள். பசை தடவினாள். நோட்டில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினாள். அடியில் தேதி எழுதினாள். பிறகு பில் புத்தகத்தை எடுத்து அன்றைய வேலையைப் பார்க்கத் தொடங்கினாள். அந்த நோட்டை என் மூஞ்சியில் எறிந்திருந்தால் எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்திருக்கும். அவள் எனக்கு அந்த ஆறுதலைத் தரவில்லை.

அவள் இன்னும் ஏன் உங்கள் கடையிலேயே இருக்கிறாள் என்று என் மனைவி ஒருநாள் கேட்டாள். வேறு எங்கே போவாள் என்று நான் பதில் சொன்னேன். சுற்று வட்டாரத்தில் அவள் வேலை கேட்கக்கூடிய எல்லாக் கடைக்காரர்களும் அந்த ஃப்ளெக்ஸில் கைகூப்பி நின்றவர்கள்தான்.

ஜூனில் பள்ளிக்கூடம் திறந்தது. காலையில் பத்து மணிக்கு வருகிறேன், சாயங்காலம் மூன்று மணிக்குப் போகிறேன் என்று அவள் கேட்டாள். சரி என்றேன். இளையவளை உள்பக்கம் நடக்க விட்டு, தான் ரோட்டுப் பக்கமாக நடந்து கொண்டுபோய் விட்டுவிட்டு வருவாள். கடையில் இருந்து பார்த்தால் இரண்டு பேரும் வளைவைத் தாண்டுவது தெரியும். லாரி வரும்போது அவள் பிள்ளையை மதில் சுவரோடு சேர்த்து நிறுத்தி, தன் முதுகை ரோட்டுக்குக் காட்டிக்கொண்டு நிற்பாள். அந்த முதுகு ஒரு லாரியை என்ன செய்துவிடும் என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். அடுத்த கூட்டத்தில் சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த கூட்டம் வந்தது. அதற்கு அடுத்ததும் வந்தது. இடையில் எங்கோ நடந்த ஒரு தேர்தல் முறைகேட்டைக் கண்டித்து அறிக்கை விட்டேன். அதையும் அவள்தான் அடித்தாள்.

மழைக்காலம் முடிகிற சமயம், அதே வளைவில் ஒரு கல்லூரிப் பையன் பைக்கோடு லாரியில் மோதிச் செத்தான். ஃப்ளெக்ஸ் கடைக்குப் போன் செய்தேன். பழைய ஃபைல்தானே என்று கேட்டார்கள். ஆமாம், ஆனால் கீழ்வரிசையில் நடுவில் இருப்பவர் படம் வேண்டாம் என்றேன். அவர் போன வாரமே போனில் விளித்துச் சொல்லிவிட்டாராம். சிரித்த முகமாக இருக்கிறது, அஞ்சலிக்குப் பொருத்தமாக இல்லை என்று வேறு படம் எடுத்து அனுப்பியிருக்கிறாராம். இதில் சிரிக்கவில்லை அண்ணாச்சி, நன்றாக இருக்கிறது என்றார்கள். சரி, போடு என்றேன்.

மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்குப் பிரேதம் வருவதாக இருந்து, நேரமாகிக்கொண்டிருந்தது. கடைகள் ஷட்டரைப் பாதி இறக்கியிருந்தன. நாகர்கோவில் நிருபர் போன் செய்து, சங்கம் சார்பில் எதுவும் அறிக்கை உண்டா என்று கேட்டார். பில் மேசைக்குப் போய், ஒரு அறிக்கை அடிக்க வேண்டும் என்றேன். அடிக்க வேண்டாம், ஃபைல் கிடக்கிறது என்றாள். கம்ப்யூட்டரில் எடுத்துக் காட்டினாள். ஏப்ரல் கூட்டத்துப் பேச்சு. அன்றைக்கு நான் பேசியதைப் பேப்பரில் பார்த்து, அதற்குத் தக்கபடி திருத்தி வைத்திருந்தாள். தடித்த எழுத்தில் இருந்த வரி அதில் இல்லை. பெயரும் தேதியும் மாற்றினால் போதும் என்றாள். மாற்றினாள். பிறகு திரையில் ஒரு இடத்தில் விரலை வைத்தாள்.

"பெற்றோரும் பிள்ளையள கவனமா அனுப்பணும்னு ஒரு வரி உண்டு. அது இருக்கட்டா, மொதலாளி?"

குத்திக்காட்டுகிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை. வெறுமனே கேட்டாள். ஒன்பது வருஷமாக எந்த வரியைப் பற்றியும் அப்படித்தான் கேட்பாள். அவள் தலைக்கு மேலே சுவர்க் கடிகாரத்தில் மூன்றாகப் போகிறது.

"இருக்கட்டும்" என்றேன்.

பிரிண்ட் எடுத்து என் கையில் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பாதி இறக்கிய ஷட்டருக்கு அடியில் குனிந்து, பிள்ளையைக் கூட்டிவரப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள்.